தேவ பெலனைச் சார்ந்திருப்பதாக நினைத்து நாம் செய்யும் தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு முதல் பக்கத்தில், புது ஆட்டோவின் பின்கண்ணாடியில், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் என்று எங்கும் கண்ணில் படுகிற வசனம் பிலிப்பியர் 4:13. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." தவறும் பெரும்பாலும் இந்த வசனத்திலிருந்தே தொடங்குகிறது. நாம் ஆசைப்பட்டதை முடித்துக் கொடுக்கும் உத்தரவாதச் சீட்டாக இதை வைத்துக்கொள்கிறோம். பிள்ளைக்கு மார்க் குறைந்துவிட்டால், ஒன்று அவனுக்கு விசுவாசம் போதவில்லை, அல்லது கர்த்தர் வாக்கு மாறிவிட்டார் என்ற இரண்டு முடிவுகளே மிஞ்சுகின்றன. இரண்டுமே ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாத பாரம்.

அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி சபைக்கு இதை எழுதும்போது கட்டுண்டு காவலில் இருந்தார். முந்தின வசனத்தில் அவர் பேசுவது தாழ்ந்திருப்பதையும் வாழ்ந்திருப்பதையும், திருப்தியையும் பட்டினியையும் பற்றி. சாப்பாடு கிடைத்த நாளிலும் கிடைக்காத நாளிலும் நிலைகுலையாமல் இருக்கக் கிறிஸ்து பெலன் தருகிறார் என்பதே பொருள். அப்படியானால் அந்த வசனம் பரீட்சையில் தவறிய பிள்ளைக்குத்தான் அதிகமாய்ப் பொருந்தும். ஆனால் அவனுக்கு அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

அடுத்த வசனத்தை நாம் வாசிப்பதே கிடையாது. "ஆகிலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது" என்கிறார் பவுல். எப்பாப்பிரோதீத்துவின் கையில் பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும் பகுதி அது. கிறிஸ்துவினால் பெலன் உண்டு என்று எழுதிய அதே மூச்சில், மனுஷர் செய்த உதவியையும் மறைக்காமல் சொல்கிறார். "நான் மனுஷனை நம்புகிறதில்லை, கர்த்தரை மட்டுந்தான்" என்று உதவிக்கு நீண்ட கையைத் தட்டிவிடுகிறவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

"எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது நம் சபைகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. மெய்யான விசுவாசத்தோடு சொல்கிறவர்கள் உண்டு. வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்கும்போது சொல்கிறவர்களும் உண்டு. வேலை தேடி ஒரு விண்ணப்பமும் போடாமல் மூன்று நாள் உபவாசம் இருப்பவரை ஆவிக்குரியவர் என்று பாராட்டுகிற பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், கட்டப்படுகையில் சன்பல்லாத்தும் தொபியாவும் தாக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட நெகேமியா ஜெபித்தார். ஜெபித்த கையோடு இரவும் பகலும் காவல் வைத்தார். ஆட்களில் பாதிப்பேர் வேலை செய்ய, பாதிப்பேர் ஈட்டி பிடித்து நின்றார்கள். கட்டுகிறவர்கள் இடுப்பில் பட்டயம் கட்டியிருந்தார்கள். 52 நாளில் அலங்கம் முடிந்தபோது, இது தேவனால் கைகூடிவந்தது என்று பகைஞரே உணர்ந்ததாக நெகேமியா 6-ம் அதிகாரம் சொல்கிறது. தேவ பெலன் அங்கே வானத்திலிருந்து கல்லடுக்கவில்லை. கொப்புளம் கண்ட கைகளின் வழியாக வந்தது. பவுலும் மற்ற எல்லாரைவிடத் தான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டதாகச் சொல்லிவிட்டு, "ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே" என்று முடிக்கிறார். பிரயாசமே படாதவர் அந்த இரண்டாம் பாதியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ள முடியாது.

இதே தவறு மருத்துவத்தில் வரும்போது உயிரைக் குடிக்கும். யூதாவின் ராஜாவாகிய ஆசா வியாதியிலும் "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே (வைத்தியர்களையே) தேடினான்" என்ற 2 நாளாகமம் 16:12-ஐக் காட்டி, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆசாவின் கதை கால் வியாதியில் தொடங்கவில்லை. எத்தியோப்பியனாகிய சேரா பெருஞ்சேனையோடு வந்தபோது கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டவர் அவர். பிற்பாடு, இஸ்ரவேல் ராஜாவாகிய பாஷாவுக்குப் பயந்து ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியா ராஜாவாகிய பெனாதாத்துக்கு அனுப்பினார். அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனை, அதாவது தீர்க்கதரிசியை, காவலறையில் போட்டார். கர்த்தரைத் தேடுவதையே விட்டுவிட்ட மனிதர் வியாதியிலும் அப்படியே இருந்தார் என்பதுதான் அந்த வசனம். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்து ஆயுசில் 15 வருஷம் கூட்டிப் பெற்றார். அவர் பிளவையின்மேல் அத்திப்பழ அடையையும் பற்றுப்போட்டார்கள். லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார் பவுல். 1900-ல் வேலூரில் ஐடா ஸ்கட்டர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் இன்று சி.எம்.சி. மருத்துவமனையாக நிற்கிறது. அதை அவிசுவாசத்தின் கட்டடம் என்று யாராவது சொல்வார்களா? டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஜெபம் மாத்திரையோடு சண்டை போடுவதில்லை.

இதற்கு நேர் எதிரான பக்கத்தில் வேறொரு தவறு இருக்கிறது. ஒழுங்காக ஜெபிக்கிறவர்களே அதிகம் விழும் இடம். பெரிய காரியத்துக்குக் கர்த்தர், சின்னக் காரியத்துக்கு நான். கல்யாண வரனுக்காக உபவாசம் இருப்போம். மைத்துனருக்காக ஜாமீன் கையெழுத்துப் போடும்போது ஒரு நிமிஷம் நின்று ஜெபிக்க மாட்டோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கோபத்தில் தட்டிய பதிலுக்கும் அப்படித்தான். யோசுவா 9-ல் கிபியோனியர் உலர்ந்த அப்பமும் பீறலான திராட்சரசத் துருத்தியும் பழைய செருப்புமாக வந்து, தூரதேசத்தார் என்றார்கள். இஸ்ரவேலர் அந்த அப்பத்தை வாங்கிப் பார்த்தார்கள், நம்பினார்கள், ஆணையிட்டார்கள். "கர்த்தருடைய வாக்கைக் கேளாமல்" என்று வேதம் ஒற்றை வரியில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறது. மூன்று நாளில் அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்தது. இட்ட ஆணையை மாற்ற முடியவில்லை. கண்ணால் பார்த்து ஆராய்ந்தது தவறில்லை. கண்ணே போதும் என்று நினைத்ததுதான் தவறு.

பாவப் பழக்கத்தை வைராக்கியத்தால் மட்டும் வென்றுவிடலாம் என்று நினைப்பதும் இதன் கூடப்பிறந்ததே. எல்லாரும் இடறினாலும் நான் இடறேன் என்றார் பேதுரு. அன்று ராத்திரியே கெத்செமனேயில் ஒரு மணிநேரம் விழித்திருக்க அவரால் ஆகவில்லை. இயேசு அவருடைய அன்பைச் சந்தேகிக்கவில்லை. "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று சொல்லி, விழித்திருந்து ஜெபிக்கச் சொன்னார். குடியை விட ஜனவரி 1-ல் பொருத்தனை செய்கிறவர் அதோடு நிற்காமல், பழைய நண்பர்கள் கூடும் இடத்துப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். போதகரிடமோ மனைவியிடமோ உள்ளதைச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் மறுவாழ்வு மையத்தில் சேர வேண்டும். தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறவர்தான் இதையெல்லாம் செய்வார்.

பெலன் வந்ததை உணர்ச்சியால் அளப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் என்று சொன்ன உபத்திரவம் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது.

கடைசியாக, ஓய்வில்லாத ஊழியம். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, விடுமுறை வேதாகமப் பள்ளி, வீட்டு ஜெபக்கூட்டம் எல்லாவற்றையும் ஒரே ஆள் சுமந்துகொண்டு, களைப்பைச் சொன்னால் விசுவாசக் குறைவாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பார். மோசே காலைமுதல் சாயங்காலம்வரை ஜனங்களை நியாயம் விசாரித்ததைப் பார்த்த மாமனார் எத்திரோ, இன்னும் ஜெபித்துப் பெலன் வாங்கிக்கொள் என்று சொல்லவில்லை. நீர் செய்வது நல்லதல்ல, ஒருவராய்ச் செய்ய உம்மாலே கூடாது என்றார். ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் ஐம்பதுபேருக்கும் பத்துப்பேருக்கும் தலைவர்களை வைக்கச் சொன்னார். கடலைப் பிளக்கக் கோல் நீட்டிய மோசே மறுபேச்சில்லாமல் மாமனார் சொன்னபடியே செய்தார். அடுத்த சபைக் கூட்டத்தில் ஒரு வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் உங்களைவிடச் சுமாராக நடத்தினாலும் பரவாயில்லை.