முகத்துக்கு ஸ்குவாலேன் எண்ணெய்: திருகோணமலை வெயில் காலத்தில் பூசும் முறை

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் கன்னம் வறண்டு இழுக்கும். மூக்கும் நெற்றியும் மட்டும் வியர்த்து வழியும். தேங்காய் எண்ணெய் பூசினால் வறட்சி போகும்தான், ஆனால் பிசுபிசுப்பில் தெருப் புழுதி முழுக்க முகத்தில் ஒட்டும். அதனால் நான் ஸ்குவாலேனுக்கு மாறிவிட்டேன். நிறமில்லை, மணமில்லை, மிக இலேசான எண்ணெய்.

தோலில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெயில் ஸ்குவாலீன் என்றொரு பொருள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்கிறது. அது காற்றுப் பட்டால் கெட்டுவிடும். ஹைட்ரஜன் சேர்த்து அதைக் கெடாமல் ஆக்கியதுதான் ஸ்குவாலேன். முன்பு சுறா ஈரலில் இருந்து எடுத்தார்கள். இப்போது ஒலிவ், கரும்பு மூலமாகவும் வருகிறது. தாவர மூலம் என்று போட்டிருப்பதை, வாசனை சேர்க்காததை வாங்குங்கள். சொட்டுக்குழாய் வைத்த சின்னப் போத்தல்தான் நல்லது. பம்ப் ஒரே அமுக்கில் தேவைக்கு மேல் கொட்டும்.

முதலில் தாடையோரம் ஒரு சொட்டு பூசி இரண்டு மூன்று நாள் பாருங்கள். அரிப்போ பருவோ இல்லையென்றால் தொடரலாம்.

இரவில் முகத்தைக் கழுவுங்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணறு சவர்த் தண்ணீராக இருந்தால் கடைசியில் ஒரு கோப்பை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நல்லது. நிலாவெளிக் கடலில் குளித்துவிட்டு வந்த நாளில் இது கட்டாயம்.

இனித்தான் பலர் சறுக்கும் இடம். துவாயால் அழுத்தித் துடைத்து, ஃபேனுக்குக் கீழே வந்து நின்று, அப்புறம்தான் போத்தலைத் திறக்கிறார்கள். பிறகு, “எண்ணெய் மேலேயே நிற்குது” என்கிறார்கள். ஸ்குவாலேன் தோலுக்குத் தண்ணீர் கொடுக்காது. இருக்கிற ஈரம் பறந்து போகாமல் மறிக்கும், அவ்வளவுதான். காய்ந்த முகத்தில் அதற்கு மறிக்க என்ன இருக்கிறது? ஆகவே போத்தலைத் தண்ணீர்க் குழாயடியிலேயே வையுங்கள். துவாயால் ஒற்றி எடுங்கள். நீர் வழியக் கூடாது, விரல் வைத்தால் ஈரம் தெரிய வேண்டும். உள்ளங்கையில் மூன்று சொட்டு விட்டு, இரு கைகளிலும் பரப்பி, முதலில் கன்னங்களில் அழுத்துங்கள், தேய்க்க வேண்டாம். கையில் எஞ்சியது நெற்றிக்கும் மூக்குக்கும் போதும். சற்று நேரம் கழித்துப் புறங்கையால் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். வழுக்கினால் அடுத்த இரவு ஒரு சொட்டைக் குறையுங்கள்.

சீரம் பாவிப்பவர்கள் அதை முதலில் பூசுங்கள், எண்ணெய் பிறகு. காலையில் நான் ஸ்குவாலேன் தொடுவதில்லை. அதற்கு வெயிலைத் தடுக்கும் சக்தி கிடையாது; சன்ஸ்கிரீனுக்கு அடியில் நிறையப் பூசினால் சன்ஸ்கிரீனும் திரண்டு வழியும். மாரி காலத்தில் கன்னத்துக்கு ஒரு சொட்டே தாராளம்.

பின்சேர்க்கை: தேமல் உள்ளவர்கள் பூசலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தேமலை உண்டாக்கும் பூஞ்சை எண்ணெய்களில் உள்ள கொழுப்பமிலங்களைத் தின்று வளர்வது. தேங்காய் எண்ணெயில் அவை நிறைய, ஸ்குவாலேனில் இல்லை. ஆனால் தேமலை இது மாற்றாது, அதற்குப் பூஞ்சையைக் கொல்லும் கிறீம்தான் வேண்டும். வெளிறிய திட்டில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் அது தேமல் அல்ல. உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.