ரிப்போர்ட் சர்வர புது மிஷினுக்கு மாத்துன கூத்து

பெங்களூர் பீன்யால எங்க ஆபீஸ்ல எஸ்க்யூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் (டேட்டாபேஸ்லேந்து ரிப்போர்ட் எடுத்துக் குடுக்குற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர்) ஓடிட்டிருந்த பழைய பொட்டி எப்ப படுக்குமோன்னு இருந்துச்சு, சரி சனிக்கிழமை மாத்திரலாம்னு நானே உக்காந்தேன். ரிப்போர்ட்சர்வர், ரிப்போர்ட்சர்வர்டெம்ப்டிபி ரெண்டு டேட்டாபேஸையும் பேக்கப் எடுத்து புதுசுல ரீஸ்டோர் பண்ணியாச்சு, கான்ஃபிகரேஷன் மேனேஜர்ல (அதோட செட்டிங் மாத்துற டூல்) அந்த டேட்டாபேஸ காட்டியாச்சு, பாத்தா ஒரு ரிப்போர்ட்டும் தெறக்கல. அட, என்கிரிப்ஷன் கீய எடுக்கவே இல்ல! டேட்டா சோர்ஸ்ல (ரிப்போர்ட் எங்கேந்து டேட்டா எடுக்கணும்ங்கற செட்டிங்) சேவ் பண்ண பாஸ்வேர்ட் எல்லாம் அந்த கீல தான் பூட்டியிருக்கும், அது இல்லன்னா அந்த பாஸ்வேர்ட் எல்லாத்தையும் அழிச்சுட்டு ஒவ்வொண்ணா திரும்ப அடிக்கணும். நல்லவேள பழைய மிஷின் உசுரோட இருந்துச்சு, கீய எடுத்து இங்க ரீஸ்டோர் பண்ணேன்.

அப்பவும் விடல. ஸ்கேல் அவுட் (ஒரே டேட்டாபேஸ ஒண்ணுக்கு மேல ரிப்போர்ட் சர்வர் சேந்து யூஸ் பண்றது) இந்த எடிஷன்ல கெடையாதுன்னு எரர், நம்மளோடது ஸ்டாண்டர்ட் எடிஷன். ரிப்போர்ட்சர்வர் டேட்டாபேஸ்ல கீஸ்ங்கற டேபிள்ல பழைய மிஷின் பேரும் புது பேரும் சேந்து உக்காந்திருக்கு, அதான் ரெண்டு சர்வர்னு நெனச்சுக்குது. பழைய வரிய மட்டும் டெலீட் பண்ணேன் (மிஷின் பேர் காலியா ஒரு வரி இருக்கும், அத தொட்டுடாதீங்க). சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணதும் தெறந்துடுச்சு, எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட் (குறிச்ச நேரத்துக்கு வேலைய ஓட்டுற சர்வீஸ்) ஓடிட்டிருந்ததால ஷெட்யூல் ஜாபெல்லாம் அதுவே திரும்ப உருவாகிடுச்சு. பழைய பொட்டிய மட்டும் ஒரு வாரம் கழிச்சுதான் ஆஃப் பண்ணேன், பயம்தான்.