பழைய ராக் பதிவில் ஒலிப்பது மெலோட்ரானா என்று கண்டறிய

மெலோட்ரான் என்பது, நாடாவில் பதிவான வாத்திய ஒலிகளைக் கட்டைகளை அழுத்தி ஒலிக்கவைக்கும் விசைப்பலகைக் கருவி. பதிவில் வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ கேட்டால், நீண்டு ஒலிக்கும் சுரத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் தனி நாடாத்துண்டு இருப்பதால், மெலோட்ரானில் எந்தச் சுரமும் சுமார் 8 வினாடிகளில் அறுந்துவிடும். நாடாவின் வேகம் தடுமாறினால் சுருதியும் நடுங்கும். இந்த நடுக்கமே அதன் அழகு.

அடுத்து ஆண்டைப் பாருங்கள். 35 கட்டைகள் கொண்ட எம்400 என்ற மெலோட்ரான் மாதிரி 1970இல்தான் வந்தது என்பதால், முந்தைய பதிவுகளில் மார்க் 2 அல்லது 1968இன் எம்300 மாதிரி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மார்க் 2இன் இடப்பக்க விசைப்பலகையில் தாளங்களும் முழு இசைத்துணுக்குகளும் பதிவாகியிருந்தன. பீட்டில்ஸின் 'பங்களோ பில்' பாடலைத் தொடங்கிவைக்கும் ஸ்பானியக் கித்தார், யாரும் ஸ்டுடியோவில் மீட்டாமல், அப்படியொரு நாடாவிலிருந்தே வந்தது.

மெலோட்ரானுக்கு முன்னோடியான சேம்பர்லின் என்ற அமெரிக்க நாடாக் கருவியையும் மறவாதீர்கள்.