‘பான்ஸ் லாபிரிந்த்’ பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுமி, குட்டித் தேவதைகள், மாய வாசல் என்று கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைப்பதுதான் முதல் தவறு. கியர்மோ டெல் டோரோவின் இந்தப் படம் (2006) பெரியவர்களுக்கானது. முயல் பிடிக்க வந்த ஒரு விவசாயி மகனின் முகத்தை, சிறுமியின் மாற்றாந்தந்தையான ராணுவக் கேப்டன் விடால் பாட்டிலின் அடிப்பக்கத்தால் குத்திச் சிதைக்கும் காட்சி ஆரம்பத்திலேயே வந்துவிடும்.

அடுத்தது டப்பிங். ஆடியோவை ஸ்பானிஷில் வைத்து சப்டைட்டிலோடு பாருங்கள். ஆட்டுக்கொம்புள்ள ஃபான் என்ற புராண உயிரினம், சிறுமி ஒஃபேலியாவிடம் ‘வோஸ்’ என்று பழங்கால மரியாதையில் பேசும். நம் ‘தாங்கள்’ மாதிரி. ஆங்கிலத்தில் அது வெறும் ‘யூ’ ஆகிவிடுகிறது. அவளை இளவரசியாக நடத்துகிற ஒரே குரல் அதுதான் என்பதும் கூடவே தொலைந்துபோகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ராணுவக் காட்சிகளை இடையூறாக நினைத்து ஓட்டிவிடுவது. கதை நடப்பது 1944இல். உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்து, ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் பிடியில் இருக்கிறது. மலையில் அவருக்கு எதிராகக் கெரில்லாக்கள் இன்னும் போராடுகிறார்கள். கேப்டன் வீட்டு விருந்தைக் கவனியுங்கள். ஊர் மக்களின் ரேஷனைக் குறைக்கப் போவதாக அவன் சொல்கிறான். பாதிரியார் அதை ஆமோதித்துக்கொண்டே சாப்பாட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். பிறகு ஒஃபேலியா நுழையும் நிலவறையிலும் நிறைந்த மேசை, பின்னால் எரியும் கணப்பு, தலைமாட்டில் தொங்குதோல் உருவம் ஒன்று. கண்கள் முகத்தில் இல்லை, தட்டில் கிடக்கின்றன. ஒரு பக்கம் சிறுவர் செருப்புகள் குவியலாக. அவள் தின்பது இரண்டே திராட்சை. முதல் மேசையைத் தவறவிட்டவருக்கு இரண்டாவது வெறும் பேய்க்காட்சிதான்.

டிவியை ‘விவிட்’ மோடில் விடாதீர்கள். நிஜ உலகம் குளிர்ந்த நீலத்திலும் மாய உலகம் பொன்னும் சிவப்புமாகவும் எடுக்கப்பட்டிருக்கிறது. கில்லெர்மோ நவாரோவின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. விவிட் மோடு இரண்டையும் ஒரே பளபளப்பாக்கிவிடும். சினிமா மோடு வைத்து, அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’கை நிறுத்தி, அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

ஆங்கிலத் தலைப்பை நம்பி கிரேக்கத் தெய்வம் ‘பான்’ஐத் தேடாதீர்கள். ஸ்பானிஷ் தலைப்புக்கு ‘ஃபானின் புதிர்ப்பாதை’ என்றுதான் பொருள்.

‘எல்லாம் அவள் கற்பனை’ என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதும் தவறே. கடைசிப் பகுதியில் அவள் அறையைப் பூட்டி வாசலில் காவலும் போட்டிருப்பார்கள். அப்படியும் கேப்டனின் அறைக்குள் அவள் எப்படி வந்தாள்? அவன் மேசைமேல் கிடக்கும் சாக்பீஸைப் பாருங்கள். அவள் சுவரில் மாய வாசல் வரைவது அதனால்தான்.