கடலோர ஊரில் பழைய பைக் வாங்கும்போது

நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஓடிய பைக்கை வாங்குகிறீர்களா? பளபளக்கும் பெயின்ட்டை நம்ப வேண்டாம்; உப்புக் காற்றில் பிடித்த துரு அதன் அடியில் ஒளிந்திருக்கலாம். விற்பதற்கு முன் அடித்த புது பெயின்ட் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்பழுப்பாகத் தெரிந்தால், அந்தத் துரு உதிர்ந்து கார்புரேட்டரை அடைக்கும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் இது இன்னும் மோசமாகலாம். அடுத்து முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்கள். எண்ணெய் சீல் ஏறி இறங்கும் குழாயை விரலால் தடவுங்கள். சொரசொரவென்று குழி விழுந்திருந்தால் சீல் கிழிந்து எண்ணெய் கசியும். புது சீல் போட்டாலும் நிற்காது. சைலன்சரின் அடிப்பக்கம், ஸ்போக்குகள், ஸ்டாண்ட் வெல்டிங் எல்லாம் குனிந்து பார்த்தால் போதும். சேஸிஸ் எண் துருவில் மங்கியிருந்தால் பெயர் மாற்றும்போது ஆர்டிஓ அலுவலகத்தில் அலைய நேரிடும். விலை எவ்வளவு குறைந்தாலும் அதை விட்டுவிடலாம்.

வாங்கியாச்சா? சரி, கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவிடுங்கள். உப்புத்தண்ணீர் போர்வெல் இருக்கும் வீட்டில் அந்தத் தண்ணீரால் கழுவாமல் இருப்பது முக்கியம். ஈர வண்டிக்கு கவர் போடுவது துருவுக்கு விருந்து வைப்பது போல. செயினுக்கு மறக்காமல் செயின் லூப் (மசகு எண்ணெய்) அடியுங்கள். சின்னத் துருவை எமரி தாளால் தேய்த்து, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு அடித்து, அப்புறம் பெயின்ட். நாள்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள்.