டிஏபி மூட்டையைக் குறைத்தேன், பயிர் தெளிந்தது

மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு 2 ஏக்கர் நெல். போன வருடம் நட்டு 3 வாரத்தில் அடியிலைகளில் துருப்பிடித்த மாதிரி புள்ளிகள். பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றது. யூரியா போடச் சொன்னார்கள், போட்டேன். பச்சை ஏறியது, புள்ளி போகவில்லை. கூடவே இலைச்சுருட்டுப் புழுவும் வந்தது.

சரி, மண்ணையே பார்த்துவிடலாம் என்று அறுவடை முடிந்ததும் மாதிரி எடுத்தேன். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். வரப்போரம், மர நிழல், எரு கொட்டிய இடம் ஆகாது. வளைந்து வளைந்து நடந்து 12 இடத்தில், அறுத்த நெல் தாளைச் செதுக்கிவிட்டு, அரையடி ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டினேன். குழியின் சரிவில் மேலிருந்து அடிவரை ஒரே கனமாகச் சுரண்ட வேண்டும். துத்தநாகமும் பார்க்கச் சொல்வதென்றால் துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாளிதான். நிழலில் உலர்த்திக் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கிப் பரிசோதனைக்குக் கொடுத்தேன்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம், துத்தநாகம் பற்றாக்குறை என்று வந்தது. மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தைப் போகம் தவறாமல் போட்டதுதான் காரணம். மணிச்சத்து மிஞ்சினால் பயிர் துத்தநாகத்தை எடுக்கத் திணறும்.

அடுத்த போகம் டிஏபியைப் பாதியாகக் குறைத்தேன். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை, டிஏபியோடு சேர்க்காமல் மணலில் கலந்து, நடவுக்கு முன் தூவினேன். யூரியாவை 4 தவணையாகப் பிரித்தேன். அப்புறம் 20ஆம் நாள் குனிந்து அடியிலைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை.