தோட்ட வேலை ரீல்ஸுக்கு லைக் வருகிறது, போன் ஏன் வருவதில்லை?

புல் விரித்து முடித்த அன்று மாலையே பச்சைப் பசேலென்று ஒரு ரீல், பின்னணியில் ஹிட் பாட்டு, கீழே 'வேலை முடிந்தது' என்று ஒரு வரி. சென்னை, கோவைப் பக்கம் லேண்ட்ஸ்கேப் வேலை செய்பவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. பார்ப்பவருக்கோ வேறு கவலை. தளம் ஒழுகுமா? மழையில் தண்ணீர் தேங்குமா? மூணு மாசத்தில் புல் காய்ந்துவிடுமா? இதற்கெல்லாம் அந்த ரீலில் பதில் கிடையாது.

மொட்டைமாடித் தோட்டத்தில் இந்தத் தவறு அதிகம் பாதிக்கும். ஈரமான தோட்டமண் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 45 முதல் 50 கிலோ வரும். 200 சதுர அடியில் ஒரு அடி உயரம் கொட்டினால் 9, 10 டன். மேலே தெரியும் புல்லை மட்டும் காட்டினால், 'இவ்வளவு எடையைத் தளம் தாங்குமா சார்?' என்று கமெண்டில் முதல் ஆள் கேட்டுவிடுவார். பின்னால் வருபவர்களும் அதைத்தான் படிப்பார்கள். அதனால் அடியிலிருந்தே எடுங்கள்: வாட்டர் ப்ரூஃபிங் பூசியது, தண்ணீர் கட்டிவைத்துக் கசிவு பார்த்தது, தண்ணீர் வடிய அடியில் போடும் பிளாஸ்டிக் தட்டான ட்ரெயின் செல், அதன்மேல் மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி, எடை குறைய கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கலந்த மண், கடைசியில் புல். ஒவ்வொன்றுக்கும் நான்கு விநாடி போதும். மண் எத்தனை அங்குலம் என்பதைத் திரையிலேயே எழுதுங்கள். எழுத்தை நடுவில் வையுங்கள். கீழே வைத்தால் பக்கப் பெயரும் கேப்ஷனும் மறைத்துவிடும்.

'முன்பு, பின்பு' படங்கள் இரண்டு கோணத்தில் இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். கேட் தூண், தண்ணீர்த் தொட்டி என்று நகராத ஒன்றை ஃபிரேமின் ஓரத்தில் வைத்து, நெஞ்சு உயரத்தில், 1எக்ஸ் லென்ஸில் எடுங்கள். 0.5எக்ஸ் சின்ன முற்றத்தையும் மைதானமாக்கிக் காட்டும். நேரில் வந்து பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை வெயில் தாழ்ந்தபின் எடுங்கள். உச்சிவெயிலில் புல் வெளிறித் தெரியும்.

'பின்பு' படத்தை விரித்த அன்றே எடுப்பதும் சரியல்ல. கொரியன் புல் துண்டுகளின் ஒட்டுக் கோடுகள் அப்போது தெரியும். வேர் பிடிக்கும்வரை ஆங்காங்கே மஞ்சளும் தட்டும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பராமரிப்புக்குப் போகும்போது அதே இடத்தில் நின்று எடுங்கள். அந்த மஞ்சளையும் ஒரு ரீலாகப் போட்டு ஏன் என்று சொல்லிவிட்டால், பழைய வாடிக்கையாளரின் பதற்றமும் குறையும்.

பின்டெரஸ்டிலிருந்து லாவெண்டர் பாத்தி, ஹைட்ரேஞ்சியா வேலி என்று எடுத்துப் போடுவதை விட்டுவிடுங்கள். ஊட்டியில் ஹைட்ரேஞ்சியா செழிக்கும். சென்னை வெயிலில் அதைக் கேட்டு வருபவருக்கு என்ன சொல்வீர்கள்? இட்லிப்பூ, நந்தியாவட்டை, அரளி, காகிதப்பூ என்று நீங்கள் நட்டு வளர்ந்ததைக் காட்டுங்கள்.

சினிமாப் பாட்டுக்கும் யோசிக்க வேண்டும். வணிகக் கணக்குக்குப் பல பாட்டுகள் கிடைக்காது. உரிமை இல்லாத பாட்டைச் சேர்த்தால் வீடியோ மௌனமாகலாம், நீக்கவும்படலாம். ஹெட்ஜ் கத்தரிச் சத்தத்தோடு உங்கள் குரலில் நாலு வரி பேசினால் தாராளம்.

சைட்டிலிருந்து மேஸ்திரி வீடியோ அனுப்பினால் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் தரம் அடிவாங்கும். கதவு எண், கார் நம்பர், சிசிடிவி இருக்கும் இடம், குழந்தைகள் எதுவும் ஃபிரேமில் வேண்டாம். வீட்டுக்காரரின் சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வடிகால் வேலை வீடியோவை நவம்பரில் போட்டு என்ன பயன்? வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலேயே தொடங்கிவிடும். ஆகஸ்டில் போட்டால்தான் மழைக்கு முன் வேலையை முடிக்க முடியும்.

'விலைக்கு டிஎம் செய்யவும்' என்பது பலரை விரட்டும் வரி. சைட் பார்க்காமல் முழுத் தொகை சொல்ல முடியாதுதான். ஆனால் உங்கள் சதுர அடி விலையில் மண் நிரப்புவது, சமன்படுத்துவது, உரம், புல், ஏற்று கூலி இதில் எதெல்லாம் சேரும், ஸ்பிரிங்க்ளருக்குத் தனியா என்று கேப்ஷனில் எழுதலாம். கூடவே ஏரியா பெயர், சதுர அடி, புல் வகை.